வெட்டிய இடத்தில் அப்பா

சந்தேகம்தான் என் பிழைப்பு. சினிமாவில் எடிட்டராக இருக்கிறேன். பெரும்பாலும் த்ரில்லர் படங்கள்தான் என்னைத் தேடி வருகின்றன. ஒரு காதல் படம் வரக்கூடாதா என்று பல வருடமாக ஏங்குகிறேன், வருவதில்லை. ஒருத்தன் கதவைத் திறக்கிறான் என்றால் அந்தத் திறப்பை எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்று யோசித்து யோசித்து, வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவைக்கூட என்னால் சாதாரணமாகத் திறக்க முடிவதில்லை. யாராவது பேச்சைப் பாதியில் நிறுத்தினால் எதை மறைக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். என் மனைவி இதைத் தொழில் வியாதி என்பாள்.

போன ஐப்பசி மழையில் இந்த வியாதி என் அப்பாவின் மேலேயே திரும்பியது.

நாங்கள் இருப்பது அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஒரு மூன்று மாடி அடுக்குமாடிக் குடியிருப்பில். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸிலேயே எங்களை வளர்த்து, ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் இந்த ஃப்ளாட்டை வாங்கினார். அம்மா போன பிறகு அவருக்கு என்னையும் என் மனைவியையும் விட்டால் இங்கே யாரும் இல்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து மூச்சு விடுவார். யாராவது கடந்து போனால் செல்போனை எடுத்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார்.

அப்பாவுக்கு நாய் என்றால் ஆகாது. குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஒரு நாய் அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்துச் சிகிச்சைப்படி தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அந்த ஊசிக் கதையை எங்கள் குடியிருப்பில் கேட்காதவர்கள் இல்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தெருநாய்ப் பேச்சு வந்தால் முதல் குரல் அவருடையதாகத்தான் இருக்கும். மழைக்கு முந்தைய கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த நாய்ங்களுக்கு ஒரு வழி பண்ணியே ஆகணும். நீங்க பண்றீங்களா, நான் பண்ணட்டுமா" என்று கேட்டிருக்கிறார். கூட்டக் குறிப்பிலும் அது ஏறிவிட்டது.

அந்தக் கோபத்துக்குக் காரணம் நான். என் எடிட்டிங் அறை சாலிகிராமத்தில் இருக்கிறது. ரிலீஸ் நெருங்கினால் வீடு திரும்ப விடிந்துவிடும். மதுரவாயல் தாண்டி வானகரத்தில் திரும்பி, ஏரிக்கரைச் சாலையில் பைக்கை ஓட்டிக்கொண்டு வருவேன். எங்கள் தெருவில் நுழைந்ததும் நாய்கள் துரத்தும். அதில் தலைவி ஒரு செவலை. ஒருநாள் அவள் என் காலைக் கவ்வ வந்த வேகத்தில், வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் வண்டி வழுக்கி விழுந்தேன். முழங்கை முழுக்கத் தோல் உரிந்துவிட்டது. மேலே ஏறிப் போனால் அப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். ரத்தத்தைப் பார்த்ததும் பதறி என்னென்னவோ கேட்டார். எனக்கு வலி, தூக்கம், தயாரிப்பாளர் மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்துகொண்டது. "எனக்காக இப்படி முழிச்சிட்டு நிக்காதீங்க. நான் என்ன சின்னப் பையனா? நீங்க நிக்கிறீங்கன்னு நெனச்சாலே வேலை ஓட மாட்டேங்குது" என்று கத்திவிட்டேன். அவர் "சரிப்பா, இனிமே நிக்கல" என்றார்.

சொன்னபடியே செய்தார். அதன் பிறகு நான் எப்போது வந்தாலும் வீடு இருட்டாக இருக்கும். அப்பா ஹாலில் தன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருப்பார். நான் என் சாவியில் திறந்து சத்தமில்லாமல் உள்ளே போவேன். நாய்களும் துரத்துவதை நிறுத்திவிட்டன. செவலை என்னைப் பார்த்தால் வாலை ஆட்டிவிட்டுப் படுத்துவிடுவாள். என் வண்டிச் சத்தம் அவளுக்குப் பழகிவிட்டது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள், "அது இருக்கட்டும், பிஸ்கட் பாக்கெட்டை இப்படி ரெண்டு நாளைக்கு ஒண்ணு காலி பண்றீங்களே, சர்க்கரை ஏறப் போகுது" என்றாள். நான் பிஸ்கட் தின்பதில்லை என்று சொன்னேன். என்னைத் தவிர வேறு யார் தின்பார்கள் என்று அவள் நம்பவில்லை.

ஏரி நிறைந்து, காலி மனைகளிலெல்லாம் தண்ணீர் நின்ற ஒரு நாளில் செவலை செத்துப்போனாள். எங்கள் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வாயில் நுரையோடு கிடந்தாள். அவளுக்குத் தினமும் சோறு வைப்பவர் தரைத்தள வீட்டு அம்மா, பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் செவலையைத் தன் பழைய புடவையில் சுற்றி, ஆள் வைத்து ஏரிக்கரையில் புதைத்தார். அன்று சாயங்காலமே எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "இது இயற்கைச் சாவு இல்லை. யார் செய்தது என்று தெரியும்வரை விடமாட்டேன்" என்று எழுதினார்.

அடுத்த நாள் அதே குழுவில் ஒரு வீடியோ வந்தது. போட்டவர் எங்கள் சங்கச் செயலாளர். அயனம்பாக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற பிறகு மெயின் ரோட்டில் கேமரா மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் கேட் கேமராவும் அவர் மாட்டியதுதான், பதிவுப் பெட்டியும் அவர் கடையில்தான் இருக்கிறது. என் படங்களை முதல் நாளே பார்த்துவிட்டு, எந்த இடத்தில் பயந்தார் என்று விவரமாகச் சொல்லும் ரசிகர் அவர்.

எடிட் அறையில் உட்கார்ந்து அந்த வீடியோவைத் திறந்தேன். கறுப்பு வெள்ளைப் படம். கேட்டுக்கு வெளியே என் அப்பா. இடது பக்கம் பார்க்கிறார். வலது பக்கம் பார்க்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுக்கிறார். குனிகிறார். செவலை வந்து அவர் காலடியில் எதையோ தின்கிறாள். அடுத்து, அப்பா திரும்பி உள்ளே ஓடுகிறார். ஆமாம், முழங்கால் தேய்ந்த மனிதர் கிட்டத்தட்ட ஓடுகிறார். அடுத்து, பகல் வெளிச்சத்தில் செவலை சுவரோரம் கிடக்கிறாள். முடிந்தது. கேமராவில் சத்தம் பதிவாகாது என்பதால் செயலாளர் பின்னணிக்கு ஒரு திகில் இசையையும் சேர்த்திருந்தார்.

நாற்பது குடும்பம் அதைப் பார்த்துவிட்டது. சிலர் கண்ணீர்ப் பொம்மை போட்டிருந்தார்கள், சிலர் கோபப் பொம்மை. டீச்சர் மட்டும் எதுவும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைப் போட்டுக் காட்டிவிட்டு, மறுநாள் போலீஸில் புகார் கொடுப்பதாகச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். நாயை விஷம் வைத்துக் கொல்வது குற்றம், உள்ளே வைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. வாழ்நாளில் ஒரு மெமோ வாங்காத மனிதரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களே என்று நினைத்தேன்.

அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். என் தொழிலில் செய்வதெல்லாம் அதில் இருந்தது. ஒருத்தர் பார்ப்பதைக் காட்டு, எதைப் பார்க்கிறார் என்று காட்டாதே. அப்போது பார்க்கிறவர்களே அதை நிரப்பிக்கொள்வார்கள், அதுவும் கெட்டதாகத்தான் நிரப்புவார்கள். சும்மா சாலையைப் பார்க்கும் முகத்துக்குப் பிறகு ஒரு கத்தியை ஒட்டினால் அந்த முகத்தில் கொலைவெறி தெரியும். அதே முகத்துக்குப் பிறகு ஒரு குழந்தையை ஒட்டினால் பாசம் தெரியும். முகம் மாறுவதில்லை, ஒட்டுவதுதான் மாறுகிறது. இதை நான் எத்தனையோ அப்பாவி நடிகர்களுக்குச் செய்திருக்கிறேன். இங்கே என் அப்பாவின் முகத்துக்குப் பிறகு செத்த நாயை ஒட்டியிருந்தது.

படத்தை வேறு பெரிதாக்கியிருந்தார்கள். அதனால் சாலை வெளியே போய்விட்டது, மூலையில் ஓடும் நேரமும் போய்விட்டது. அப்பா இரண்டு பக்கமும் பார்க்கும்போது தூறல் கோடுகள் தெரிந்தன. கவரை எடுக்கும்போது தூறல் இல்லை. நடுவில் வெட்டு இருக்கிறது. நாய் கிடப்பதோ பகலில். அங்கே இன்னும் பெரிய வெட்டு. வெட்டு இருக்கிறது என்று தெரிந்தது, எதை வெட்டினார்கள் என்று தெரியவில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்த வீடியோ என்னிடம் வேலை செய்தது. அப்பா செய்திருப்பாரோ என்று நினைத்தேன்.

நினைத்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வாஷிங் மெஷின் ஒயரை எலி கடிக்கிறது என்று மளிகைக் கடையில் அப்பா எலிமருந்து பிஸ்கட் வாங்கியது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பால்கனி அலமாரியில் அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தேன். திறந்திருந்தது. உள்ளே ஒரு பில்லை குறைவாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் பின்தலையைப் பார்த்தேன். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லை, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வாசல் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. செவலை செத்த அன்று விடிகாலை நான் வந்தபோது கேட் ஓரமாகத் தலையைக் குனிந்து எதையோ தின்றுகொண்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் நான் சரியாகக் கவனிக்கவில்லை. மேலே வந்தேன். அப்பா வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஆனால் அவர் முதுகு வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது கனவு ஏதோ என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றியது. கீழே இருந்து ஓடிவந்து, படுத்து, தூங்குவதுபோல் நடித்திருக்கிறார். தப்பு செய்யாதவர் ஏன் தன் வீட்டில், தன் மகனிடம் தூக்கத்தை நடிக்க வேண்டும்? என் படத்தில் இந்த இடத்தில்தான் இடைவேளை விடுவேன்.

மனைவியிடம் எலிமருந்துப் பெட்டியைக் காட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒண்ணை எடுத்து வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி வச்சது நான். போய்ப் பாருங்க, அப்படியே இருக்கும். மாமாவைப் போய் இப்படி நெனைப்பீங்களா? உங்க படம் வேற, நம்ம வீடு வேற" என்றாள். போய்ப் பார்த்தேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் அந்தப் பில்லை அப்படியே இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அத்தோடு சந்தேகம் போயிருக்க வேண்டும். விஷம் கடையில் இன்னொன்றும் கிடைக்கும் என்று சொன்னது என் மனசு.

அன்று அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பா, அந்த வீடியோ பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அது நீங்கதானா?"

"நான்தான். வேற யாரு?"

"அந்நேரத்துல கீழ எதுக்குப் போனீங்க? அதுக்கு என்ன போட்டீங்க?"

அவர் ரிமோட்டை எடுத்தார், வைத்தார். வாசலைப் பார்த்தார். என் தொழில்கண்ணுக்கு ஒவ்வொரு அசைவும் குற்றவாளியின் அசைவாகவே தெரிந்தது.

"நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். ஒரு ஷாட்டை எங்கே வெட்டினால் மனிதருக்கு வலிக்கும் என்பதும் தெரியும். "நான் ஒண்ணும் நெனைக்கலப்பா" என்று நான் சொன்னபோது மிகவும் தாமதமாகிவிட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். அன்றிலிருந்து கீழே இறங்கவில்லை. பால் பாக்கெட் எடுக்கக்கூடப் போகவில்லை.

எனக்கு இருந்த ஒரே வழி வெட்டாத பதிவைப் பார்ப்பது. எங்கள் கேமரா பதிவு ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் தாங்காது. பழசின் மேலேயே புதுசு ஏறிக்கொண்டு போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் கடைக்குப் போகாமல் இரண்டு நாள் வேலையைக் காரணம் காட்டித் தள்ளினேன். அதில் என்ன இருக்குமோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. சனிக்கிழமை காலை மனைவி என் வண்டிச் சாவியை எடுத்துக் கையில் திணித்தாள்.

செயலாளர் கடையில் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் சுருங்கியது. "வா அண்ணாத்தே. கோச்சிக்கினியா? நான் இன்னா பண்றது, மேடம் கேட்டாங்க, எட்த்துக் குட்த்தேன்."

"முழுசா ஏன் போடல?"

"முழுசா போட்டா எவன் பாப்பான்? அரை மணி நேரம் உங்க நைனா சும்மா நின்னுகினு கீறாரு. ஒண்ணும் நடக்கல. ஸ்டேட்டஸ்ல வெக்கணும்னா சின்னதா இருக்கணும்ல. அதான் வெத்து எடத்தெல்லாம் தூக்கிட்டேன். நீ பண்ற மாதிரிதான் பண்ணேன்."

வெத்து இடம். எங்கள் தொழிலிலும் அப்படித்தான் சொல்வோம். ஒன்றும் நடக்காத இடம், ஆள் எழுந்து போகும் இடம். ஒரு பொய்யும் அவர் சேர்க்கவில்லை. காட்டியதெல்லாம் நடந்ததுதான், நடந்த வரிசையில்தான். நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து போடச் சொன்னேன்.

அப்பா கேட்டைத் திறந்து வெளியே வருகிறார். தூறல் விழுகிறது, தலையில் துண்டு. இடது பக்கம் பார்க்கிறார். பெரிதாக்காத படத்தில் இப்போது சாலை தெரிந்தது. இடது பக்கம் இருப்பது வானகரத்திலிருந்து வரும் வழி. அது காலியாக இருந்தது. வலது பக்கம் பார்க்கிறார், அங்கே நாய்கள் படுத்திருந்தன. மறுபடி இடது பக்கம். நிற்கிறார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றுகிறார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறார். சுவரைப் பிடித்துக்கொள்கிறார். தூறல் நிற்கிறது. மறுபடி சாலையைப் பார்க்கிறார். செயலாளர் சொன்னது சரிதான், ஒன்றும் நடக்கவில்லை. நான் வேகமாக ஓட்டாமல் அப்படியே பார்த்தேன்.

பிறகு சாலையின் கோடியில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. நாய்கள் எழுந்தன. செவலை காதை நிமிர்த்தி ஓடத் தயாரானாள். அப்பா அவசரமாகப் பையிலிருந்து கவரை எடுத்தார். பயந்து பயந்து, கையை நீட்டுவதும் இழுப்பதுமாக, ஒரு பிஸ்கட்டை உடைத்து அவள் முன்னால் போட்டார். கெண்டைக்காலைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டார். செவலை நின்றாள், திரும்பினாள், தின்ன ஆரம்பித்தாள். மற்ற நாய்களும் அவள் பின்னால் வந்தன. இவர் இன்னும் இரண்டு துண்டுகளைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, வெளிச்சம் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று பார்த்தார். பிறகு திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, அந்த முழங்கால்களோடு உள்ளே ஓடினார்.

ஒரு பைக் படத்துக்குள் வந்தது. அதில் நான் இருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி, தின்றுகொண்டிருந்த நாய்களைத் தாண்டி, எதையும் பார்க்காமல் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

"உன் வண்டி வந்த எடத்தைக் கூடத் தூக்கிட்டேன்" என்றார் செயலாளர். "உன்னை எதுக்கு இதுல இஸ்க்கணும்னுதான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே முந்தின நாள் பதிவைப் போட்டார். அதிலும் அப்பா. அதற்கு முந்தின நாளும் அப்பா. நான் சீக்கிரம் வந்த நாளில் கொஞ்ச நேரம் நின்றிருந்தார், தாமதமாக வந்த நாளில் நெடுநேரம் நின்றிருந்தார். வண்டிச் சத்தம் பழகிவிட்டது என்று நான் பெருமையடித்துக்கொண்ட நாட்களெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. "அட இன்னா மாமே இது" என்று செயலாளர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி மவுஸைக் கீழே வைத்தார்.

பிறகு செவலை செத்த நாளின் மீதியைப் பார்த்தோம். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அவள் நன்றாகத்தான் இருந்தாள். நக்கி முடித்து, சோம்பல் முறித்து, விளையாடக்கூடச் செய்தாள். நன்றாக விடிந்த பிறகு எதிர்ப்பக்கத்துக் காலி மனையில் தண்ணீர் ஓரப் புதரைப் பார்த்துக் குரைத்தாள். உள்ளே பாய்ந்தாள். திரும்பி வரும்போது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டே வந்தாள். சுவரோரம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

"பாம்பு" என்றார் செயலாளர். "ஏரி ரொம்பிச்சுன்னா விரியன் மேல ஏறி வந்துரும். எங்க மாடே ரெண்டு போயிருக்குது."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எதைப் போடுவது என்று அவர் கேட்டார். முழுசாகப் போட்டால் அப்பா தப்பிவிடுவார். ஆனால் நாற்பது குடும்பத்துக்கு முன்னால், என் முன்னால், அவர் ஓடியது எதற்காக என்றும் தெரிந்துவிடும். இனிமே நிக்கல என்று எனக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். போலீஸ் வரும் என்று தெரிந்தும் என்னிடம் வாய் திறக்காமல் இருந்தது இதை மறைக்கத்தான். நான் பென் டிரைவில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். புகார் சொன்னவர் அவர், முழுசும் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. தன் லேப்டாப்பில் கடைசிவரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லாதீங்க" என்றார்.

அன்று எடிட் அறைக்குப் போய், அந்தப் பதிவில் ஒரே ஒரு இடத்தில் கை வைத்தேன். சாலையின் கோடியில் வெளிச்சம் தெரிவதற்கு முன்னால் நிறுத்தி, நான் உள்ளே போன பிறகு செவலை வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் ஒட்டினேன். நடுவில் அப்பா பிஸ்கட் போடும் காட்சி வர வேண்டியிருந்தது, அதை மட்டும் பைக் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெரிதாக்கிச் சேர்த்தேன். சந்தேகம் வருவதற்காக ஆயிரம் வெட்டு போட்டிருக்கிறேன். வராமல் இருப்பதற்காகப் போட்ட வெட்டு அது ஒன்றுதான், அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

கூட்டம் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு டிவியை வைத்து நடந்தது. மனைவி கெஞ்சிக் கூப்பிட்டதால் அப்பா இறங்கி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள், நான் அப்பாவைப் பார்த்தேன். தான் நிற்பது திரையில் வந்ததும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். பைக் வர வேண்டிய இடம் நெருங்க நெருங்க அவர் விரல்கள் வெளுத்தன. பைக் வரவில்லை. செவலை வாலை ஆட்டினாள், புதருக்குப் போனாள், நொண்டிக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் யாரோ பாம்பு என்றார்கள். சலசலப்பு எழுந்தது. அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சட்டென்று செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

"நாயே ஆகாது உங்களுக்கு, பிஸ்கட் எதுக்கு சார் போட்டீங்க?" என்று முதல் மாடிக்காரர் ஒருவர் விடாமல் கேட்டார்.

"பசியில நின்னுச்சு, போட்டேன்" என்றார் அப்பா.

டீச்சர் எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். "இனிமே நான் வாங்கித் தரேன் சார். இனிப்பு பிஸ்கட் நாய்க்கு ஆகாது" என்றார். அப்பா கூச்சத்தோடு சரி என்றார். செயலாளர் தன் வீடியோவைக் குழுவிலிருந்து அழித்துவிட்டு, அப்பாவுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்போது வேறொரு படம் போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் த்ரில்லர்தான். விடிகாலையில்தான் திரும்புகிறேன். எங்கள் தெருவுக்குத் திரும்பும் முன் ஒரு ஹாரன் அடித்துவிட்டு, வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துவிடுகிறேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் மாடிப்படி ஜன்னல்கள் தெரியும். ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்குகள் அவை. முதலில் தரைத்தள விளக்கு எரியும். பிறகு முதல் மாடி. அங்கே நெடுநேரம் எரிந்துகொண்டே இருக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார் என்று அர்த்தம். பிறகு இரண்டாவது மாடி. அதுவும் அணைந்த பிறகுதான் வண்டியைக் கிளப்புவேன். கேட் ஓரத்தில் நாய்கள் இனிப்பில்லாத பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கும்.

கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு என்ன அர்த்தம், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா, அந்த ஹாரன் அவருக்காகத்தான் என்று புரிந்திருக்கிறதா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. கேட்கவும் போவதில்லை. கதவைத் திறந்தால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், முதுகு வேகமாக ஏறி இறங்குகிறது. அது அடங்கும்வரை செருப்பைக் கழற்றுகிற சாக்கில் வாசலிலேயே கொஞ்சம் நிற்கிறேன். யாரையும் நம்பாத நான், அவர் தூங்குகிறார் என்பதை மட்டும் தினமும் நம்பிவிட்டுப் படுக்கப் போகிறேன்.